மூன்று பிரவுசரும் மைதிலியின் ரிப்போர்ட்டும்

பனியன் கம்பெனியில் பதினேழு வருடம் செக்கிங் மேசையில் நின்றவள் மைதிலி. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பனியனை விரித்து, ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போனது. பஞ்சுத் தூசியில் இளைப்பு வந்து, டாக்டர் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். முதலாளி இளங்குமரன் அவளை வீட்டுக்கு அனுப்பாமல் மாடியில் ஆபீசுக்கு மாற்றினார். ஷிப்மென்ட் பேப்பர்களை சரக்கு வாங்குகிற பையரின் இணையப் போர்ட்டலில் ஏற்றுகிற வேலை. கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாதவள் நாற்பது வயதில் ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். ஆபீசில் பிரவுசரைத் தமிழில் மாற்றி வைத்திருந்தது அவள் ஒருத்திதான். அதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்வதில்லை.

கொஞ்ச நாளாகவே மெதுவாகிக்கொண்டு வந்த போர்ட்டல், ஒரு திங்கட்கிழமை அவளுடைய கம்ப்யூட்டரில் சுற்றிக்கொண்டே நின்றது. பதிவு செய்வதற்காகப் பக்கம் திறப்பதற்குள் இன்ஸ்பெக்‌ஷனுக்கான நேரம் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. சரக்கு மூன்று நாள் கோடவுனில் கிடக்க வேண்டியதானது. இளங்குமரன் எல்லோரையும் கூப்பிட்டார்.

"குரோம்தான் தகராறு சார். ஃபயர்ஃபாக்ஸ் போட்டுருங்க, ஜம்முனு ஓடும்" என்றாள் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் யாழினி. அக்கவுன்ட்ஸ்காரர் எட்ஜ்தான் பாதுகாப்பு என்றார். பத்து நிமிடம் கச்சேரி நடந்தது.

"ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா எப்படீங்க? ஆராச்சும் பாத்துச் சொல்லுங்க, எல்லாத்துலயும் அதையே போட்டுரலாம்" என்றார் இளங்குமரன்.

"செக்கிங்னா நம்ம மைதிலி அக்காதான் சார்" என்றாள் யாழினி. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மைதிலி சிரிக்கவில்லை. "பாத்துச் சொல்றனுங்க சார்" என்றாள்.

அன்று மதியமே கீழே போய்ப் பழைய செக்கிங் ரிப்போர்ட் தாள் ஒரு கத்தை வாங்கி வந்தாள். கிரிட்டிகல், மேஜர், மைனர் என்று மூன்று கட்டம் போட்ட தாள். துணியில் லேசான சுருக்கம் என்றால் மைனர். ஓட்டை மேஜர். உடைந்த ஊசி முனை உள்ளே கிடந்தால் கிரிட்டிகல், போட்டுக்கொள்கிற குழந்தைக்குக் குத்திவிடுமே. அதையே இங்கேயும் வைத்துக்கொண்டாள். எழுத்து கலைந்து தெரிந்தால் மைனர், பாதி வேலையில் வெளியே தள்ளினால் மேஜர், பாஸ்வேர்ட் அடுத்தவர் கையில் சிக்கும்படி இருந்தால் கிரிட்டிகல். மூன்று பிரவுசரிலும் ஒரே பக்கத்தை, காலை பத்து மணிக்கு, மூன்று மூன்று தடவை திறந்தாள். கைக்கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்து நொடி பார்த்தாள்.

ஃபயர்ஃபாக்ஸ் பத்து நொடி. எட்ஜ் பதினொன்று. குரோம் நாற்பது. நான்கு நாளும் இதே கணக்கு. யாழினி சொன்னதுதான் சரி என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு பீசைப் பார்த்து மொத்த லாட்டையும் தள்ளுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஐந்தாம் நாள் யாழினியின் இடத்தில் உட்கார்ந்து அதே குரோமைத் திறந்தாள். ஒன்பது நொடியில் பக்கம் வந்து நின்றது.

அப்படியானால் கோளாறு பிரவுசரில் இல்லை. தன் கம்ப்யூட்டரில்தான் என்னவோ இருக்கிறது. வாரம் ஒருமுறை வந்து போகிற சிஸ்டம்காரர் பிரபாகருக்கு போன் போட்டாள்.

"பிரவுசர்ல ஒட்டிக்கிற குட்டி புரோகிராம், எக்ஸ்டென்ஷன்னு ஏதாச்சும் போட்டிருக்கீங்களாக்கா? மேல புதிர்த்துண்டு மாதிரி ஒரு படம் இருக்கும், அமுக்கிப் பாருங்க."

அமுக்கினாள். ஒரே ஒரு பெயர் இருந்தது. பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. மாசி மாதம் பையர் அனுப்பிய பிடிஎஃப்-ஐ வேர்டாக மாற்ற வேண்டியிருந்தது. இலவசம் என்று ஒன்று வந்தது. 'நீட்டிப்பைச் சேர்' என்ற பட்டனை அமுக்கிவிட்டாள். அதற்கு மேலே இருந்ததை அன்று படிக்கவில்லை. அதே வரி இப்போது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது, படித்தாள். 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம்.' அவளுக்கு விளங்குகிற தமிழில்தான் இருந்தது.

ஆறு மாதமாக அவள் தட்டிய ஒவ்வொன்றையும் அது பார்த்திருக்க முடியும். பையர் போர்ட்டலின் பாஸ்வேர்டையும்தான். 'அகற்று' என்ற பட்டன் பக்கத்திலேயே இருந்தது. அமுக்கினால் ஒரு நொடி வேலை. குரோம் சரியாகிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. செக்கிங்கிலிருந்து வந்தவளுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று ஏற்கெனவே பேசுகிறவர்கள் வாய்க்கு இதுவேறு அவல் ஆகும். அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனாள்.

அமுக்காமல் பேனாவை எடுத்தாள். கிரிட்டிகல் கட்டத்தில் ஒன்று என்று போட்டு, எதிரே 'மைதிலி கம்ப்யூட்டர், நான் போட்டது' என்று எழுதினாள். தாளோடு இளங்குமரன் அறைக்குப் போனாள்.

அவர் படித்தார். முகம் மாறியது. "ஏனுங்க, பையர் பாஸ்வேர்டே வெளிய போயிருந்தா என்னங்க பண்றது?"

"தப்புதானுங்க சார். படிக்காம அமுக்கிப்போட்டன். மொதல்ல எல்லா பாஸ்வேர்டையும் மாத்திப்போடுங்க. அப்பறம் என்னைய என்ன வேணா சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். பிரபாகரை உடனே வரச் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்த எக்ஸ்டென்ஷனை அகற்றியாயிற்று, எல்லா பாஸ்வேர்டும் மாறின. பன்னிரண்டு கம்ப்யூட்டரையும் பிரபாகர் துழாவினார். ஏழில் இதுபோல ஏதேதோ இருந்தன, எல்லாவற்றையும் எடுத்தார். இரண்டில் மாதக்கணக்காக மூடித் திறக்காமல் வைத்திருந்ததால் அப்டேட் ஏறாமலே நின்றிருந்தது. இளங்குமரனின் லேப்டாப்பில் மட்டும் நான்கு எக்ஸ்டென்ஷன், ஒன்று கிரிக்கெட் ஸ்கோர் காட்டுகிறது. அதைக் கேட்டதும் அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"அப்ப எந்த பிரவுசருங்க நல்லது?" என்று மறுநாள் கேட்டார்.

"சுத்தம் பண்ணுனதுக்கப்பறம் ரெண்டு செகண்டு கூடக் கொறையத்தானுங்க சார். மூணுமே நல்லாத்தான் ஓடுது. போர்ட்டல்ல லேபல் பிரிண்ட் குரோம்ல ஒழுங்கா வருதுங்க, அது அதுக்கிருக்கட்டும். பேங்குக்கு எட்ஜ் வெச்சுக்கலாமுங்க. அதுல ஒரு எக்ஸ்டென்ஷனும் வேண்டாம், பாஸ்வேர்டும் சேத்து வெக்க வேண்டாம். யாழினிப் புள்ள ஃபயர்ஃபாக்ஸ்ல பழகிருச்சு, அதுபாட்டுக்கு ஓட்டட்டுமுங்க."

அப்படியே முடிவானது. இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு கம்ப்யூட்டரையும் மைதிலி பார்க்கிறாள். அவள் வருவதைக் கண்டால் அக்கவுன்ட்ஸ்காரர் முனகுவார், ஆனால் எழுந்து இடம் விடுவார். யாழினி தன் பிரவுசரையும் தமிழுக்கு மாற்றிப் பார்த்து, இரண்டே நாளில் திரும்ப மாற்றிக்கொண்டாள்.

அந்த ஆறு மாதத்தில் ஏதாவது வெளியே போனதா, போகவில்லையா என்று பிரபாகராலும் சொல்ல முடியவில்லை. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பையரிடமிருந்து மெயில் வந்தால் திறப்பதற்கு முன் மைதிலி அதன் தலைப்பை இரண்டு தடவை படிக்கிறாள்.