எந்தக் கை என்று கேட்டார்கள்

என் நெஞ்சுக்குள் நடப்பது எனக்கே தெரியாது என்று சொன்னார்கள். சொன்னது ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. அந்தக் கோவம் இன்னும் ஆறவில்லை. நான் படித்தது ரெண்டாங்கிளாஸ். எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும்.

தொண்ணூறுகள் பிறந்த புதுசு. நெமிலிச்சேரி ஸ்டேஷன் படியில் மயங்கி விழுந்தேன். துடிப்பு விட்டு விட்டு வருகிறது என்று சொல்லி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் வைக்க முடிவு செய்தார்கள். தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. துடிப்பு நின்றால் அது தட்டி எழுப்புமாம்.

முந்தின நாள் நர்ஸம்மா காகிதத்தோடு வந்து, "எந்தக் கை பழக்கம்மா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் எங்க வீட்டுக்காரர், "சோத்துக்கைதான்மா" என்றார்.

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தக் கை மேலே பிரம்பால் அடித்து, சிலேட்டுக் குச்சியை வலது கைக்கு மாற்றினார். சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலதுக்குப் போய்விட்டது. பலம் மட்டும் இடதிலேயே தங்கிவிட்டது. அடிபம்பில் தண்ணி அடிப்பதும், உரலில் மாவு ஆட்டுவதும் அந்தக் கைதான். கல்யாணமான நாளிலிருந்து எங்க வீட்டுக்காரருக்கு அது ஒரு வெட்கம். பேக்டரியில் கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால், "கையை மாத்து, கையை மாத்து" என்று கண்ணாலேயே சாடை காட்டுவார்.

நானும் அன்றைக்குப் பேசாமல் இருந்தேன். அது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

பெட்டியை இடது பக்கம் வைத்தார்கள். காயம் ஆறி, ரெண்டு மாசம் கழித்துப் பம்புக்குப் போனேன். நாலு அடி அடித்திருப்பேன். நெஞ்சுக்குள் சத்தமே இல்லாமல் போனது. கண் இருட்டியது. பிடியை விட்டதும் உள்ளேயிருந்து ஒரு குத்து, கதவை உதைக்கிற மாதிரி. மறுநாள் மாவு ஆட்டும்போதும் அதேதான்.

ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். படுக்கவைத்து, ஒயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்தார்கள். படம் நல்லாயிருக்கிறது என்றார்கள். "பயம்மா உங்களுக்கு. நெஞ்சையே நினைச்சிக்கிட்டு இருக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார் ஒரு டாக்டர். அடுத்த முறை வேறொருத்தர், அதே பேச்சு. படுத்துக்கொண்டா நான் தண்ணி அடிக்கிறேன்?

வீட்டுக்கு வந்தால் இவர் பாட்டு. "இன்னாமே, மிஷினு பொய் சொல்லுமா? ஊட்டு வேலைக்குப் பயந்துகினு சாக்கு சொல்றியா?"

வேலைக்குப் பயந்தேனாம். எங்க மாமியார் காலத்தில் நாலு மாட்டுக்குத் தண்ணி காட்டியவள் நான்.

ஒரு வாரம் சோதித்துப் பார்த்தேன். ஒருநாள் வலது கையால் அடித்தேன். குடம் அரைகுறையாக நிறைந்தது, நெஞ்சு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் இடது கை. ஆறாவது அடியில் இருட்டியது. மாற்றி மாற்றிச் செய்தேன். ஒருநாள் கூடத் தப்பவில்லை.

"யோவ், இது கையில கீதுய்யா. டாக்டராண்ட சொல்லப் போறேன்."

"பீச்சாங்கை கதைய அங்க போய் அவுக்காதே. மானம் போவும்."

"எனக்கு உசுரு போவுது, உனக்கு மானமா?"

முணகிக்கொண்டே இவரும் கூட வந்தார். இந்தத் தடவை இருந்தது மூணாவது டாக்டர், சின்ன வயசு. படுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். "இங்க பம்பு இருந்தா காட்டுவேன். இடது கையால அடிச்சா நிக்குது, வலது கையால அடிச்சா நிக்கல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உட்காரவைத்தே ஒயரை ஒட்டிவிட்டு, "இடது கையால இந்த மேஜையை நல்லா அழுத்தித் தள்ளுங்கம்மா" என்றார்.

தள்ளினேன். மிஷினிலிருந்து வந்த காகிதத்தில் கோடு மேடு பள்ளம் இல்லாமல் ஓடியது. எனக்கு இருட்டியது. "போதும், போதும், விடுங்க!" என்று கத்திவிட்டார்.

கைத் தசை முறுக்கும்போது பெட்டி அதையே நெஞ்சுத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, தன் வேலையை நிறுத்திவிடுகிறதாம். பழைய காகிதத்தைப் புரட்டினார். "வலது கைப் பழக்கம்னு எழுதியிருக்கே. இடதுன்னு தெரிஞ்சிருந்தா வலது பக்கமே வச்சிருப்பாங்களே. யார் சொன்னது?"

எங்க வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். டாக்டருக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

திரும்ப அறுக்கவில்லை. தோல் மேலே ஒரு கருவியை வைத்தே, கைத் தசை முறுக்குவதைக் கண்டுகொள்ளாதபடி பெட்டியைத் திருத்தினார். அப்புறம் பம்பில் இருட்டவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எப்போதாவது ஒரு குத்து வரும், இன்றைக்கும் வருகிறது. அதைக் கேட்டதற்கு, "அது ஏன்னு எனக்குத் தெரியலம்மா. வந்தா குறிச்சு வச்சுக்கிட்டு வந்து சொல்லுங்க" என்றார். தெரியவில்லை என்று சொன்ன ஒரே டாக்டர் அவர்தான். அவர் மேலே எனக்குக் கோவமில்லை.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். இவர் வேர்க்கடலை வாங்கி, பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். மன்னிப்பு கேட்கிறாராம். அத்தனை பேர் பார்க்க இடது கையை நீட்டி வாங்கினேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா முகத்தைச் சுளித்தாள். இவர் கண் ஒருமுறை என் கையைப் பார்த்தது. சாடை மட்டும் காட்டவில்லை.

எங்க ஸ்டேஷனுக்கு முந்தின பட்டாபிராம் வரைக்கும் அந்தக் கையாலேயே உரித்துத் தின்றேன். அவருக்கு ஒன்றுகூடத் தரவில்லை.