சாம்பலான உப்பு

கல்யாண வீடியோவுக்கு நிறம் திருத்துகிறவர்களுக்கு மணமக்களைவிட அதிகமாக நெஞ்சு படபடக்கும்; என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யார் வீட்டுப் பெண்?

2005இல் எங்கள் ஸ்டுடியோ மரக்காணத்தில் இருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஏழுமலை, மகளின் கல்யாண வீடியோவைப் பார்க்க வந்தார். குவைத்தில் இருந்த மகனால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவர் சி.டி.யைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

மணப்பெண் என்றால் வெளுப்பாக்கிவிடுவது எங்கள் வழக்கம். மகள் உப்பளத்தில் நிற்கும் காட்சி வந்ததும் ஏழுமலை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏம்பா, என் பொண்ணு எங்க? இது யார் வீட்டுப் பொண்ணு?"

இடம் வேண்டும்

நிறம் மாற்றிய காட்சிகளைக் கம்ப்யூட்டர் தனியாக உருவாக்கிச் சேர்த்துவைக்கும். ரெண்டர் ஃபைல் என்போம். நிறம் பிடிக்காவிட்டால் அது குப்பை. அதை அழித்துவிட்டு, அசல் படத்தில் மறுபடி தொடங்க வேண்டும்.

டிஸ்க்கில் இடமில்லை. ரெண்டர் ஃபைல்களை அழிக்கும்படி கூட்டாளி குமாரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் வெளுத்த பெண் அப்படியே இருக்கிறாள். அசல் படத்தைக் காணோம். குமார் சொன்னான்: "இடம் வேணும்னுதான சொன்ன? எது பெருசா இருந்துச்சோ அதை அழிச்சிட்டேன்."

காதுகுத்து

கல்யாணத்தைப் படம் பிடித்த கேசட் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டேன். அனுமந்தையில் நடந்த ஒரு காதுகுத்து ஓடியது. கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த கேசட்டிலேயே அடுத்த விசேஷத்தை எடுப்பது எங்கள் தொழிலில் சகஜம். திரையில் குழந்தை வீறிட்டது. குமார் முகம் வெளிறிப்போய்ச் சொன்னான்: "அந்தக் குழந்தையாவது கத்திட்டு இருக்குது. ஏழுமலை வந்தா நம்மால கத்தக்கூட முடியாது."

மிஞ்சியது குப்பை

அழித்திருக்க வேண்டிய ரெண்டர் ஃபைல்கள் மட்டுமே மிச்சம். அந்த வெளுத்த படத்தையே அசலாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கினேன்.

வியாழக்கிழமை ஏழுமலை வந்தார். மகள் முகம் தெரிந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடி அவர் விரல் திரையைத் தொட்டது. பெண்ணுக்குப் பின்னால் இருந்த உப்புக் குவியல்கள், அவள் முகத்தோடு சேர்ந்து கறுத்து, சாம்பல் மேடுகளாக நின்றன.

"பொண்ணு எங்க பொண்ணுதான். உப்புதான் எங்க உப்பு இல்ல. சி.டி.யைக் குடு தம்பி. தங்கச்சிய மட்டும் பாரு, உப்பப் பாக்காதடான்னு பையன்கிட்ட போன்ல சொல்லிடறேன்."

அழிக்கச் சொன்னதை அழிக்காமல் விட்ட குமாரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.