பாட்டுக்கு நின்ற இன்ஜின்

பாட ஏழுமலை, கீபோர்டு வாசிக்க அந்தோணி, டிரம் அடிக்க நான், செல்போனில் படம் பிடிக்க என் மனைவி. உப்பளத்தில் சாப்பாட்டு நேரம். மழை வந்தால் உப்பு வேலை கிடையாது, கச்சேரிதான் சோறு. கல்யாண மண்டபங்களுக்கு அனுப்ப போட்டோ தயார். பாட்டு வீடியோதான் பாக்கி.

பக்கத்துப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்த இன்ஜின் சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. அதை ஓட்டிக்கொண்டிருந்த, முன்பின் பேசியிராத ஒரு அக்காவிடம் போய்த் தயங்கி நின்றேன்.

"எத்தினி நேரம்பா?"

"ஒரு பாட்டுதாங்க்கா."

இன்ஜினை நிறுத்திவிட்டார். ஏழுமலை பதற்றத்தில் வரியை மறந்து மறந்து நின்றான்.

"டேய், ஒழுங்கா பாடுடா. தண்ணியில்லாம என் பாத்தி காயுது!" என்று சிரித்தார். அதன் பிறகுதான் பாட்டு சரியாக வந்தது.

வீடியோவில் அவர் இல்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் தெரிகிறார். அதை அனுப்பிய பிறகு, இந்த மழைக்காலத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது ஆறு கல்யாணம்.