காய்ச்சல் கண்ட இமை

அன்று காலையிலிருந்தே இன்ஸாஃபுக்குக் காய்ச்சல். அது அவளுக்கே தெரியாது, அதுதான் வம்பாகப் போயிற்று.

குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் முப்பது முட்டைகள், வைத்துப் பத்தொன்பதாம் நாள். எல்லாம் அவள் வளர்த்த ஃபையூமி இனச் சேவலின் வாரிசுகள். கழுத்துவரை வெள்ளி, உடம்பெல்லாம் கறுப்புப் பொறி, ஈய நிறக் கால். இருபது வருஷமாக வெளிச்சேவல் எதையும் முற்றத்துக்குள் விடாமல் அவள் காத்த இனம். போன வாரம் கீரி புகுந்து அந்தச் சேவலின் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டது. வேறு சேவல் இல்லை; இந்த முட்டைகளும் போனால் அந்த இனம் அவளிடம் அதோடு சரி.

மண்ணெண்ணெய் விளக்குதான் பெட்டிக்குச் சூடு. முட்டையை மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்ப்பாள். இமைக்குச் சுட்டால் திரியை இறக்குவாள், குளிர்ந்தால் ஏற்றுவாள். வெப்பமானி வாங்கித் தருவதாகச் சொன்ன புருஷனை, "கண்ணாடிக் குச்சிக்கு என்ன தெரியும்?" என்று வாயடைத்தவள். அன்று முட்டை சில்லென்றிருந்தது. திரியை ஏற்றினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அப்போதும் சில்லென்றுதான் இருந்தது. இன்னும் ஏற்றினாள்.

மதியம் ஓரகத்தி நஜாத் இரவல் சல்லடையைத் திருப்பித் தர வந்தாள். இருவருக்கும் ஆகாது. "மை அப்பின கண்ணுக்கு முட்டைச் சூடு எங்க தெரியப்போகுது?" என்று ஒரு கல்யாணத்தில் எல்லோர் முன்னும் இன்ஸாஃப் கேட்டதை நஜாத் மறக்கவில்லை.

"என்னக்கா, கை இப்படிக் கொதிக்குது?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். முட்டைதான் சில்லுன்னு கெடக்கு. ரெண்டு தடவ திரிய ஏத்திட்டேன்."

"இந்த உடம்போட தொட்டா உனக்கு எதுதான் சுடும்?"

காய்ச்சல் உடம்புக்குச் சூடும் சில்லென்றுதான் படும் என்று இன்ஸாஃபுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் ஒரு முட்டையை இமையில் வைத்தாள். இப்போதும் சில்லென்றுதான் இருந்தது. அந்தக் கண்ணையே பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"நஜாத், நீ பாரு."

"என் கண்ணா? மை அப்பின கண்ணாச்சே."

"சொன்னது தப்புத்தான். அப்புறமா என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ. இப்பப் பாரு."

நஜாத் முக்காட்டு நுனியால் மையை அழுத்தித் துடைத்தாள். முட்டையை இமையில் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"அவியப் போகுதுக்கா."

திரியை இறக்கி, மூடியைத் திறந்துவிட்டார்கள். சூடு தணிந்ததும் நஜாத் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முட்டைகளை மிதக்கவிட்டாள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை ஆடும். முதலாவது அப்படியே கிடந்தது. இரண்டாவதும் ஆடவில்லை. என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று இன்ஸாஃப் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது லேசாக அசைந்தது.

"நீ மூச்சு விட்டதுல ஆடலியே?"

"நான் மூச்சே விடலக்கா."

நஜாத் இரண்டு நாள் பெட்டியை விட்டு நகரவில்லை. பொரித்தது பதினொன்று. மீதிப் பத்தொன்பதையும் குழி தோண்டி மூடியபோது இன்ஸாஃப் வாய்விட்டு அழுதாள். இரண்டு மாதத்தில் நான்கின் கொண்டை சிவந்தது, நான்கும் சேவல். கீரி மறுபடி வந்தால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கக்கூடாதென்று, அதில் நல்லதாக ஒன்றை அவளே நஜாத் வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

இப்போதெல்லாம் இரண்டு பேர் இமையும் பார்த்த பிறகுதான் திரியில் கை வைப்பது. முட்டை பெட்டியில் இருக்கும் மூன்று வாரமும் நஜாத் கல்யாணத்துக்குக்கூட மை போடாமல்தான் போகிறாள்.