நாலாவது கார்புரேட்டர்

நம்புங்கள் என்று யார் கையையும் பிடித்துக் கெஞ்சப் போவதில்லை. சங்ககிரி பைபாஸ் பக்கம் போனால் அந்தப் பட்டறை இன்றைக்கும் இருக்கிறது. அந்த வண்டியும் உள்ளே நிற்கிறது. பட்டறைக்காரர் நாச்சிமுத்து வாயைத் திறந்து இதைச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். சொல்லும்போதும் அவர் சுவரில் முதுகை ஒட்டியே நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

ஊரே லாரி வேலை பார்க்கும்போது நாச்சிமுத்துவுக்கு மட்டும் பழைய ஜப்பான் பைக்குகள் மேல் பைத்தியம். ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர் என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார். கூட்டாளி யோகேஷ், அவருடைய தங்கை ரஞ்சனியின் புருஷன். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்து, தானே பார்த்துக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை. இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவது நாச்சிமுத்து. ஓட்டிப் பார்த்து, கொண்டுபோய் ஒப்படைப்பது யோகேஷ்.

பட்டறைக்கு ஒரு வீறாப்பு உண்டு. வேலை முடிந்த வண்டியை லோடு வண்டியில் ஏற்றி அனுப்ப மாட்டார்கள். ஓட்டிக்கொண்டு போய்த்தான் வாசலில் நிறுத்துவார்கள். "வைத்தியம் பாத்த பொறவும் தூக்கிட்டுத்தான் போவோணும்னா, அப்பறம் என்னத்துக்குங்க வைத்தியம்?" என்பான் யோகேஷ். அவன் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் நாச்சிமுத்து அவன் திரும்பும்வரை போனைக் கீழே வைக்கமாட்டார். ரஞ்சனிக்கு அப்போது மூன்றாம் மாசம். அவனுக்கு ஒன்று என்றால் அவள் தாங்கமாட்டாள்.

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருக்கும் தீனதயாளன்தான் அந்த வண்டியைக் கொண்டுவந்தார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே நின்றார். செலவு என்ன ஆகும் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"ஓட்டிட்டு வந்தே குடுப்பீங்கல்லங்க? எங்க ஊட்டு வாசல் வரைக்கும்?"

"அதுதானுங்க எங்க பழக்கமே," என்றான் யோகேஷ் பெருமையாக.

இன்ஜின் துருவேறி இறுகிப் போயிருந்தது. உள்ளே சேறு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் நாலிலும் காய்ந்த பாசி. தண்ணீரில் கிடந்த வண்டி என்று பார்த்தவுடனே தெரிந்தது. கேட்டதற்கு, "வெள்ளத்துல மாட்டிக்கிச்சுங்க," என்றார். நாச்சிமுத்து பெட்ரோல் வரும் ஒவ்வொரு ஜெட்டாக ஊதி, ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திச் சுத்தம் செய்தார். பிஸ்டனும் ரிங்கும் ஜப்பானிலிருந்து வந்து சேர மாசக்கணக்கானது. கடைசியில் இன்ஜின் உயிர்பிடித்தபோது இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தார்கள்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது...

நாலாவது கார்புரேட்டரில் தண்ணீர்.

அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. டேங்க்கைக் கழுவினார். மூடிக்குப் புது வாஷர் போட்டார். மறுபடியும் தண்ணீர். பழைய கிணற்றின் வாடை வேறு. மற்ற மூன்றும் சுத்தமாக இருந்தன. தீனதயாளன் வந்து பார்த்துவிட்டுப் போகிற நாட்களில்தான் அப்படி ஆனது. அதை நாச்சிமுத்து யோசிக்கவில்லை. கோளாறு வண்டியில் என்றே தேடினார். எந்த மெக்கானிக்கும் அங்கேதான் தேடுவான்.

கடைசி வேலை, நாலு கார்புரேட்டரையும் ஒரே சீராக வைப்பது. அதற்கென்று, இன்ஜின் இழுக்கும் காற்றின் அளவைக் காட்டும், நாலு முள் வைத்த வாக்குவம் கேஜ் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது நாலு முள்ளும் ஒரே அளவில் நிற்க வேண்டும். நின்றன. திருப்தியோடு இன்ஜினை அணைத்தார். உச்சி வெயில். மணி பன்னிரண்டு பத்து. யோகேஷ் சாப்பிடப் போயிருந்தான். வண்டிக்கு வலது பக்கம், நாலாவது கார்புரேட்டர் ஓரமாக, தீனதயாளன் வந்து நின்றார்.

முட்கள் பூஜ்யத்துக்கு இறங்கின. மூன்று மட்டும்.

நாலாவது முள் மெல்ல ஏறியது... இறங்கியது.

ஏறியது... இறங்கியது.

இன்ஜின் ஓடவில்லை. சாவி நாச்சிமுத்துவின் சட்டைப் பையில்.

ஸ்ஸ்ஸ்... ஹ்ஹ்ஹ்... கார்புரேட்டர் வாயிலிருந்து சத்தம்.

யாரோ மூச்சு விடுகிறார்கள். மூச்சுவிடச் சிரமப்படுகிறார்கள்.

"தெரியுதுங்களா?" என்றார் தீனதயாளன், குனிந்த தலை நிமிராமல்.

"என்னதுங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். முள் விழுந்தது. பிறகு அசையவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாச்சிமுத்து தன் வீறாப்பை எல்லாம் மூட்டை கட்டி வைத்தார். "மாப்ள, இந்த ஒரு வண்டிய மட்டும் குட்டியானை லோடு வண்டில ஏத்தி உட்டரலாமுங்க."

"என்னங்க மச்சான், நம்ம பேரு என்னாவறது? அந்தாளு நாலு தரம் போன் பண்ணி, ஓட்டிட்டு வாங்கன்னு கெஞ்சறாருங்க."

காரணம் கேட்டால் என்ன சொல்வது? முள் மூச்சு விட்டது என்றா? வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். அந்த வெட்கத்தை நினைத்து இன்றைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார்.

மறுநாள் காலை யோகேஷ் கிளம்பினான். திருச்செங்கோடு தாண்டியதும் ஒரு போன். நாமக்கல் போனதும் ஒரு போன். வண்டி வெண்ணெய் மாதிரி போகிறதாம். சாயங்காலம் பஸ் ஏறி முழுசாகத் திரும்பி வந்தான். நாச்சிமுத்துவுக்குப் போன உயிர் வந்தது. ரஞ்சனிக்கும் சேர்த்துப் புரோட்டா வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

"பஸ்ல ஒரு கூத்துங்க மச்சான்," என்றான் அவன் போகும்போது. "அத்தன கூட்டம். ஆனா எம்பக்கத்து சீட்டுல ஒருத்தரும் ஒக்காரல. நின்னுகிட்டே வந்தாங்க..."

நாலாம் நாள் ரஞ்சனி போன் செய்தாள்.

"அண்ணா, அவரு படுக்கறதே இல்லீங்க. செவுத்துல முதுகை ஒட்டீட்டு ஒக்காந்தே இருக்காரு. பொட்டுத் தூக்கம் இல்ல. எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா."

அடுத்த வாரம் பட்டறை வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. மேலே அந்த வண்டி.

"பண்ணக்காரரு திருப்பிக் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க," என்று டிரைவர் சாவியை நீட்டினான்.

நாச்சிமுத்து போனைப் போட்டார். தீனதயாளனின் குரல் தெளிவாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவரின் குரல்.

"மன்னிச்சுக்கங்க. அஞ்சு வருசத்துக்கு முந்தி அந்த வண்டிய நான்தான் ஓட்டுனேன். பின்னால என் தங்கச்சி புருசன் கலைமணி. கிணத்துக்குள்ள உழுந்துட்டோம். நான் மட்டும் மேல வந்தேன்."

நாச்சிமுத்து வண்டியின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைலேர்ந்து அவரு என் முதுகுக்குப் பின்னாலதானுங்க ஒக்காந்திருந்தாரு. கோயில்ல கேட்டேன். அதே வண்டி ஓடணும், வேற ஒருத்தர் மனசோட ஓட்டிட்டு வந்து என் வாசல்ல எறங்கணும், அப்பத்தான் அவரு அவங்க பின்னால போயிருவாருன்னு சொன்னாங்க. எல்லா ஒர்க் ஷாப்லயும் விசாரிச்சேன். எல்லாரும் லோடு வண்டியிலதான் அனுப்புவாங்க. நீங்க மட்டுந்தான் ஓட்டிட்டு வருவீங்கன்னாங்க... அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த எண் கிடைக்கவே இல்லை.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரம். யோகேஷ் பட்டறைக்கு வந்தான். பத்து நாளில் பாதி ஆளாகியிருந்தான். கண் இரண்டும் சிவப்பு. நாச்சிமுத்து ஒன்று விடாமல் சொன்னார். யோகேஷ் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நானும் யாராச்சும் ஒருத்தர..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் அழுதான். "வேண்டாமுங்க மச்சான். பாவமுங்க."

நாச்சிமுத்து துணியில் கையைத் துடைத்தார்.

"நீங்க ஊட்டுக்குப் போங்க மாப்ள. ரஞ்சனிகிட்ட சோறாக்கச் சொல்லுங்க. நான் பின்னாலயே வாரேன்."

அவன் போனதும் சாவியைப் போட்டார். நாலு சிலிண்டரும் ஒரே சீராக ஓடின. தங்கை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, சாப்பிட்டார்.

அன்றிரவு யோகேஷ் விடிய விடியத் தூங்கினான். ரஞ்சனிக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை.

வண்டி பட்டறையிலேயே நிற்கிறது. விலைக்குக் கேட்டு கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். யாருக்கும் அவர் சாவியைத் தருவதில்லை.