எஞ்சினுக்கு ஊற்றிய தீர்த்தம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். மூன்று முறை நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டதோடு மூடி வைத்துவிட்டேன். நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை வந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். சாமி விஷயத்தில் பிழை வந்தால் யார் பொறுப்பது? அந்தப் பயம்தான் கையைப் பிடித்தது. இந்த மாசி மகத்தன்று கடலில் கால் நனைத்து நின்றபோது அம்மனிடமே கேட்டுவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்தில், கடலோரம். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா உப்பளத்தில் வேலை செய்கிற குடும்பத்துப் பெண். இருவரும் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். அதற்காகக் கடற்கரையில் அம்மாவை யாரும் அடிக்கவோ விரட்டவோ இல்லை. பத்து வருடம் ஆன பிறகும் நேற்று வந்த விருந்தாளியைப் போல வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா வளைகுடாவுக்கு மீன்பிடி லாஞ்சில் வேலைக்குப் போனார். எங்கள் ஃபைபர் போட்டை மணலில் கவிழ்த்துப் போட்டார். அதன் டீசல் எஞ்சினை மட்டும் சித்தப்பாவோடு சேர்ந்து கழியில் கட்டித் தூக்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகையில் மரக்கட்டை மேல் உட்கார வைத்தார். போவதற்கு முந்தின நாள் அம்மாவையும் என்னையும் பக்கத்தில் நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னார். உப்புக்காற்று சும்மா கிடக்கிற இரும்பைத்தான் முதலில் தின்னுமாம். அதனால் வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, எஞ்சினை ஓட்ட வேண்டும். முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம், எஞ்சினைத் தொடக்கூடாது. தண்ணீர் உள்ளே போகவும் வெளியே வரவும் இருந்த இரண்டு ரப்பர் ஓஸ் குழாயையும் டிரம்மில் விட்டு, நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். அப்புறம் உள்ளே ஒரு சொட்டு நிற்காமல் வடித்துவிட்டு, டீசல் துணியால் உடம்பெல்லாம் துடைக்க வேண்டும். எஞ்சினுக்குள் ஒரு ஜிங்க் துண்டு இருந்தது. உப்பு அதைத் தின்றுகொண்டு எஞ்சினை விட்டுவிடும் என்றார்.

"எஞ்சின் நல்லா இருந்தா ரெண்டு வருஷத்துல வந்துடுவேன். இது போயிடுச்சுன்னா, புதுசுக்காக இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே கெடக்கணும். பாத்துக்கோ பாப்பா."

அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னதால், எஞ்சின் என் பொறுப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் பம்பு அடித்தால் வருவது உவர்த்தண்ணி. நல்ல தண்ணீர் குழாயில் எப்போதாவதுதான் வரும். அதில் இரண்டு குடம் எஞ்சினுக்குப் போனது அத்தைக்கு ஆகவில்லை. அத்தை அப்பாவின் அக்கா. நடுவில் ஒரு கீற்றுத் தட்டி, அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. இரண்டு வீட்டுக்கும் இருந்த ஒரே செல்போனும் அவருடையதுதான்.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பாவிடமிருந்து போன் வரும். அதற்குள் அம்மா உப்பளத்திலிருந்து வந்து, வெளுத்துப்போன கால்களைக் கழுவி, விளக்கேற்றி, எஞ்சினுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருப்பாள். அத்தை போனைக் கொட்டகைக்கே கொண்டு வந்து நீட்டிவிட்டு அங்கேயே இடுப்பில் கை வைத்து நிற்பார். அப்பா முதலில் கேட்பது எஞ்சின் சத்தத்தைத்தான். ஹேண்டில் லேசாகச் சுற்றுவதற்காக, எஞ்சின் தலையில் உள்ள சின்ன நெம்புகோலை நான் அழுத்திப் பிடிப்பேன். அம்மா ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி, "விடு!" என்பாள். நான் விட்டதும் எஞ்சின் இருமி, கறுப்பாகப் புகை கக்கி, கொட்டகையே அதிர ஓடும். அத்தை காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

"புருஷன் போனு வந்தா போதும், இந்த இரும்பு கூட வாரா வாரம் கத்துது பாரு!"

அம்மா போனைக் கொஞ்ச நேரம் எஞ்சின் பக்கம் காட்டுவாள். பிறகு கொட்டகை மூலைக்குப் போய், வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி, போனை வாயோடு ஒட்டிக்கொள்வாள். தாடை அசைவது பின்னாலிருந்தே எனக்குத் தெரியும். ஒருநாள் கேட்டேன்.

"அந்தச் சத்தத்துல அப்பாவுக்கு ஒண்ணுமே கேக்காதே. இன்னாத்துக்குமா பேசற?"

"எஞ்சின் எப்படி ஓடுதுன்னு சொல்றேன்டி" என்றாள்.

எஞ்சின் நின்ற பிறகுதான் போன் என் கைக்கு வரும். "நல்லா ஓடுது பாப்பா. தண்ணிய வடிச்சிட்டீங்களா?" என்பார் அப்பா. அப்புறம்தான் நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். எனக்கு அந்த எஞ்சின் மேல் பொறாமை. அதோடுதான் விளையாடவும் செய்தேன். உப்பளத்துக்காரி மகள் என்று தெருப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கொட்டகைக்குள் போய், அப்பா தொட்ட அந்த இரும்பில் கன்னத்தை வைத்து உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருட மாசி மகம் ஒரு சனிக்கிழமை வந்தது. கடல் இல்லாத ஊர்களிலிருந்தும் சாமிகள் டிராக்டரில் ஏறிக் கடலுக்கு வந்தன. அம்மன் கடலில் முழுகி எழுந்தபோது அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இப்ப இந்தத் தண்ணி பூரா தீர்த்தம். எதுல பட்டாலும் நல்லாயிடும்" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். இப்போதும் நம்புகிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சின்னக் குடத்தை எடுத்து வந்து அந்த இடத்துத் தண்ணீரை மொண்டேன். உப்பு எடுக்கிற காலம், அம்மா வேலைக்குப் போயிருந்தாள். கொட்டகையில் யாரும் இல்லை. புனலை ஒரு ஓஸ் குழாயில் வைத்து, எஞ்சின் வயிறு நிறைந்து களகளவென்று வெளியே வரும்வரை ஊற்றினேன். தீர்த்தம் வீணாகக் கூடாது, உள்ளேயே தங்கட்டும் என்று மஞ்சள் துணியைக் கிழித்து இரண்டு ஓஸ் குழாயையும் அடைத்தேன். கலசத்துக்குக் கட்டுவது போல நூலும் சுற்றினேன். பிறகு கை கூப்பி, "அப்பாவ இந்த வருஷமே கொண்டாந்து வுட்ரு தாயே" என்று கேட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள் எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அம்மன் இறங்கியிருக்கிற வீட்டில் சத்தம் கூடாது என்று எஞ்சினை ஓட்டவில்லை. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் அம்மாவுக்குப் போட்டுவிட்டது. ஐந்து வெள்ளிக்கிழமை போயிற்று. வேப்பிலை மேல் படுத்துக்கொண்டு, தீர்த்தம் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். செய்துகொண்டுதான் இருந்தது.

ஆறாவது வெள்ளி போன் வந்தது. அத்தை போனை நீட்டிவிட்டு நின்றார். அம்மா ஓஸ் குழாயைத் தூக்கினாள். மஞ்சள் துணி. உருவினாள். கையில் வடிந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பாத்தியில் உப்புநீர் பதம் பார்க்கிறவளுக்கு அது போதும். திரும்பி என்னைப் பார்த்தாள். துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓஸ் குழாயை டிரம்மில் விட்டு ஹேண்டிலைப் போட்டாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினாள். அசையவில்லை.

"இன்னாடி, சத்தத்தையே காணோம்?" என்றார் அத்தை.

அம்மா போனை எடுத்தாள். "எஞ்சின் புடிச்சிக்கிச்சிங்க. நான்தான். நல்ல தண்ணி இல்லன்னு உப்புத்தண்ணிய ஊத்திட்டு, வடிக்காம வுட்டுட்டேன்."

"அட பாவி! உப்பளத்துக்காரிக்குத் தண்ணியும் உப்பும் ஒண்ணுதான்னு அன்னிக்கே சொன்னேனே. கேட்டானா என் தம்பி?" என்றார் அத்தை.

நான் வாயைத் திறக்கவில்லை. அடிக்குப் பயந்து அல்ல. நான் ஊற்றியது தீர்த்தம். உண்மையைச் சொன்னால் அம்மன் தண்ணீர்தான் எஞ்சினைக் கெடுத்தது என்று ஆகிவிடும். அம்மனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அம்மாவைக் காட்டிக்கொடுப்பது எனக்குக் கணக்கிலேயே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து எஞ்சினைப் பிரித்தார். தண்ணீரை மறித்து நின்ற கேஸ்கெட்டை உப்பு அரித்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் துருவில் ஒட்டிப்போயிருந்தது. ஜிங்க் துண்டு மிளகளவுக்குத் தேய்ந்திருந்தது. "ஒண்ணும் பண்றதுக்கில்ல அண்ணி" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். சொன்னபடியே அப்பா இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தார்.

அதன்பிறகும் வெள்ளிக்கிழமை போன் வந்தது. எஞ்சின் சத்தம் இல்லாததால் அத்தை நகரவில்லை. அம்மா போனைக் காதில் வைத்து, "ம். சாப்டேன். நீங்க? ம். சரி" என்பாள். என்னிடம் கொடுத்துவிடுவாள். எனக்கு ஒரே ஆச்சரியம். இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கும், இப்போது போய் ஏன் இவர்கள் பேசாமல் இருக்கிறார்கள்? போன் பேசி முடிந்ததும் அம்மா கொட்டகைக்குப் போய், பிரித்துப் போட்ட எஞ்சினை டீசல் துணியால் துடைப்பாள். ஓடாத எஞ்சினை எதற்குத் துடைக்கிறாள் என்றும் எனக்குப் புரியவில்லை.

பல வருடம் கழித்து எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். கூடத்தில் மாமியார், நாத்தனார் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவரிடமிருந்து போன் வந்தது. சமையலறைக்குள் போய், உளுந்து எதுவும் போடாமலே மிக்சியை ஓடவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பினேன். வாய் திறப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "இன்னா சத்தம் அது?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா திரும்பி வந்து வேறு எஞ்சினில் கடலுக்குப் போகிறார். எங்கள் தெருவில் கல்யாணம், காதுகுத்து எதுவென்றாலும், "எஞ்சினுக்கு உப்புத்தண்ணி ஊத்தினவ" என்று அம்மாவைச் சொல்லிச் சிரிப்பது இன்றும் நடக்கிறது. அம்மாவும் கூடவே சிரிக்கிறாள். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அழகுக்காக எதையும் சேர்க்க வேண்டாம், என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். ஊற்றியது அம்மா இல்லை, நான். அம்மன் மேலும் குற்றமில்லை.