பிலோமினா டீச்சர் நம்பாத படம்

பிலோமினா டீச்சர் காலமாகிவிட்டார் என்ற செய்தி, பூ அலங்காரத்துக்கு நடுவே அவர் சிரிக்கும் படமாக எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் அவருடைய தங்கைக்குப் போன் செய்து, அழுகையைக் காதால் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன். அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவர்களுக்கு இது புரியும். சந்தேகம் எனக்கு அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி.

அவர் ஆங்கிலம், நான் கணக்கு. இலக்கணம் நடத்த வந்த வண்ணப் பட அட்டைகளை அவர் பீரோவை விட்டு வெளியே எடுத்ததே இல்லை. “படத்துல இருக்கற கத்தரிக்காய்ல புழு இருக்காதுங்க” என்பார். பூட்டு, மடக்குக் குடை, எலுமிச்சை என்று நிஜப் பொருளைத்தான் துணிப்பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி வகுப்புக்குக் கொண்டுபோவார். பை மூடியிருக்கும்வரை பிள்ளைகள் ‘மே பி’ என்றுதான் சொல்லலாம். கையை விட்டுத் தடவினால் ‘மஸ்ட் பி’. வெளியே எடுத்தால்தான் ‘இஸ்’. ஒருநாள் வேண்டுமென்றே பிளாஸ்டிக் எலுமிச்சையைப் போட்டுவிட்டார். அதிலிருந்து அந்த வகுப்பு எதையும் கீறி மோந்து பார்க்காமல் வாய் திறப்பதில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஆப்பிள் படத்தைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். சுரக்குடியிலிருந்து வரும் பெண் ஒருத்தி எழுந்து, “பேப்பர், சார்” என்றாள். அதிகாரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. டீச்சருக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு அவருக்கு வயிற்றுவலி வந்தது. ஸ்கேன் எடுக்க நான்தான் கூடப் போனேன். டாக்டர் படத்தில் கட்டியைக் காட்டி, உடனே அறுவை சிகிச்சை செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “படத்துல என்ன வேணா இருக்கும் டாக்டர்” என்று எழுந்துவிட்டார். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் கோவில்பத்தில் இருக்கும் தன் வீடு வரை நடந்தார். வழியெல்லாம் கெஞ்சினேன். அதன்பின் தங்கை அழுதும் மசியவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. எதையும் இரண்டு தரம் சோதிக்கிறவர், அந்தப் படத்தை மட்டும் இன்னொரு டாக்டரிடம் காட்டவே இல்லை. கடைசியில் அவர் படுக்கையில் கிடந்தபோது கேட்டேன்.

“அன்னைக்கு அந்தப் படத்தை நெசமாவே நம்பலையா டீச்சர்?”

“பாத்ததுமே நம்பிட்டேன்.”

“அப்புறம் ஏங்க?”

“நம்பிட்டேன்னு வாய்விட்டுச் சொல்லியிருந்தா, வீடு வரைக்கும் எப்படிங்க நடந்து வந்திருப்பேன்?”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதிலைத்தான். எதையும் நம்பமாட்டேன் என்று யாராவது அடித்துப் பேசினால், இப்போதெல்லாம் நான் வாதாடுவதில்லை. பேசுகிறவரின் கை நடுங்குகிறதா என்று பிடித்துப் பார்க்கிறேன்.